தாய்மாமன் குடித்த பதநீர்

1

மட்டாடி ஊரில் யார் வீடு கட்டினாலும் முதல் ஆணியை என் கடையில்தான் வாங்குவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் பெருமைதான், இருக்கட்டும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட அச்சன்புதூர்க்காரன் ஒருவன், முதலில் பம்பாய் இரும்புக்கடையில் மூட்டை தூக்கி, அங்கிருந்து முதலாளி அனுப்பிக் காங்கோ நாட்டுக்கு வந்து, இன்றைக்கு இந்தப் பெரிய ஆற்றங்கரையில் மூன்று கதவு போட்ட கடைக்குச் சொந்தக்காரன். பிரெஞ்சு எழுதத் தெரியாது. ஆனால் பிரெஞ்சில் ஏமாற்ற வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்பத் தெரியும். இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லை.

இன்றோடு என் மகள் குழல்வாய்மொழிக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம். அவளும் மருமகனும் ஆற்றுக்கு வடக்கே, இன்னொரு காங்கோ நாட்டில் ஒரு துறைமுகப் பட்டணத்தில் இருக்கிறார்கள். காலையில் போன் பண்ணினாள்.

"அப்பா, சாப்டியளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன சாப்டிய?"

"தோசை" என்றேன். தோசை எங்கே? மரவள்ளி மாவை இலையில் சுற்றி அவித்த குவாங்கா ஒரு துண்டு, அதற்குத் தென்காசியிலிருந்து கொண்டுவந்த நார்த்தங்காய் ஊறுகாய். அவள் பேசி முடித்துவிட்டாள். நான் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

இங்கே இப்போது மழை இல்லாத காலம். வானம் நாள் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல மூடிக் கிடக்கும், ஒரு சொட்டு விழாது. இதே நேரம் குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் நெஞ்சு வறண்டு போகிறது.

ஊருக்கு வரும்போதெல்லாம் அச்சன்புதூர்க்காரர்கள் நீங்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். "என்ன அண்ணாச்சி, ஆப்பிரிக்காக்காரனுக்கா பொண்ணக் குடுத்திய?" அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நான் கொடுக்கவில்லை. பெண்ணைக் கொடுக்கிற உரிமை தகப்பனுக்கு இல்லை என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே சொல்லிவிட்டார்கள்.

2

காங்கோ என்று நாட்டுக்குப் பெயர் வந்ததே கொங்கோ என்கிற ஜனங்களால்தான். மட்டாடியைச் சுற்றி முழுக்க அவர்கள்தான். என் கடைக்கு எதிரே மரம் அறுக்கிற பட்டறை வைத்திருக்கும் மகாயா அந்த ஜனத்தில் பெரிய மனுஷன். சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்தால் என் கடைப் படியில் வந்து உட்காருவார். அவர் சொல்லித்தான் எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும்.

வெள்ளைக்காரன் கப்பல் வருவதற்கு முன்னாலேயே அவர்களுக்கு ராஜா இருந்தார், வரி இருந்தது, சந்தை இருந்தது. தலைநகரம் ஒரு மலைமேல். அது இப்போது அங்கோலா நாட்டுக்குள் போய்விட்டது. செத்தவர்கள் தண்ணீருக்கு அடியில் போய் வெளுத்துப்போய் வாழ்கிறார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் முதல் வெள்ளைக்காரன் கடலிலிருந்து ஏறி வந்தபோது, நம் பாட்டன்மார்தான் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார்களாம். அந்தப் பாட்டன்மார் என்ன செய்தார்கள்? பேரப்பிள்ளைகளை விலங்கு போட்டுக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்தவர்களைக் கோடு போட்டு மூன்று நாடாகப் பிரித்தார்கள். மகாயாவின் கூடப்பிறந்த தங்கைக்கு வேறு பாஸ்போர்ட். நம் செங்கோட்டையும் ஒரு காலத்தில் திருவிதாங்கூர்தானே என்று நான் அவருக்குச் சொன்னேன். "அப்போ உனக்குப் புரியும்" என்றார்.

இந்த மகாயாவின் தங்கை மகன்தான் லாண்டு. இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அவர்கள் வைக்கிற பெயர் அது. துறைமுகத்தில் எலக்ட்ரிக் வேலை. என் கடைக்கு ஒயர் வாங்க வருவான். எவ்வளவு ஒயர் வாங்கினான் என்று இப்போது நினைத்தால் ஒரு துறைமுகத்துக்கு அது அதிகம்தான். எனக்குத்தான் புரியவில்லை. குழல்தான் கல்லாவில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாயா கோட்டுப் போட்டுக்கொண்டு, லாண்டுவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பெரிய குடுவை நிறையப் பனங்கள். நடுக்கூடத்தில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். நம் ஊரில் பெண் கேட்டு வருகிறவர் தட்டு நீட்டினால் பெண்ணின் அப்பா எழுந்து இரண்டு கையாலும் வாங்க வேண்டும் அல்லவா? நான் மரியாதை தெரிந்தவன். எழுந்தேன், குடுவையை வாங்கினேன், திறந்தேன், ஒரு தம்ளர் ஊற்றி முழுசாகக் குடித்துவிட்டு, "நல்ல கள்ளு. சம்மதம்" என்றேன்.

லாண்டு தலையில் கை வைத்தான். மகாயா ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "நண்பா, நீ தாகத்துக்குக் குடித்தாய் என்று வைத்துக்கொள்கிறேன். இது உன் மது இல்லை. பெண்ணின் தாய்மாமன் எங்கே?"

"நான் அப்பன்! வளர்த்தது நான், படிக்க வைத்தது நான்!"

"அதெல்லாம் சரி. பிள்ளை தாயின் குலம். மாமன் குடித்தால்தான் கல்யாணம். மாமன் குடிக்காவிட்டால் என் மருமகனுக்கு உன் மகளைத் தொடும் உரிமை இல்லை."

தாய்மாமனைக் கூப்பிடுகிற அவர்கள் சொல்லிலேயே தாய் இருக்கிறாள். குழலைப் பார்த்தேன். அவள் கதவோரம் நின்று, மாமனைக் கேட்க வேண்டும் என்று நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

3

அவள் தாய்மாமன் சங்கரபாண்டி. என் சம்சாரம் செண்பகத்தின் தம்பி. போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவன், அச்சன்புதூரில் வயலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

செண்பகம் இங்கே மட்டாடியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இங்கே எரிக்க வழி இல்லை, புதைத்தோம். ஊருக்குக் கொண்டுபோக ஆன மட்டும் பார்த்தேன். ஒரு ஆபீஸில் முத்திரை வாங்கினால் அடுத்த ஆபீஸ் பூட்டிக் கிடக்கும், பிரேதம் காத்திருக்காது. கல்யாணமாகிப் போன பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் அவளுக்குக் கடைசிச் சீர். சங்கரபாண்டி அன்றைக்கே தென்காசிக்குப் போய்ச் சேலை எடுத்தானாம். எடுத்த சேலை பீரோவில் கிடக்கிறது. போர்த்த வேண்டியவள் இங்கே மண்ணுக்குள் இருக்கிறாள்.

போன் பண்ணினேன்.

"யாரு?"

"நான்தாம்லே, அத்தான்."

"எந்த அத்தான்? எங்க அக்கா போனதோட அத்தானும் போயாச்சு."

"ஏலே, குழலுக்குக் கல்யாணம்லே. நீ வந்து..."

"அக்கா மொகத்தக் காட்டுனியளா? ஒரு கோடி போட விட்டியளா? இப்போ கள்ளு குடிக்க மட்டும் தாய்மாமன் வேணுமாக்கும். நான் வர மாட்டேன். யாரும் இங்கன வரவும் வேண்டாம்."

வைத்துவிட்டான். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் போனை அப்படி வைத்ததில்லை. நான்தான் வைப்பேன்.

மகாயாவிடம் சொன்னேன். இதோடு விட்டுவிடுவார், நம் வழக்கப்படி ஒரு தாலியைக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அவர் யோசித்துவிட்டு, "மாமன் சரியாகத்தான் செய்கிறான்" என்றார். "பெண் கேட்கிறவன்தான் நடக்க வேண்டும். உன் ஊர் எவ்வளவு தூரம்?"

4

விசா ஆபீஸில் லாண்டுவை எதற்கு இந்தியா போகிறாய் என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாத பையன். "பெண்ணின் மாமனோடு மது அருந்த" என்றான். வெளியே போய் நன்றாக யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். அப்புறம் குழல் போய், குற்றால அருவி பார்க்க என்று எழுதிக் கொடுத்தாள். அதுவும் பொய் இல்லை.

சாரல் தொடங்கிய வாரம் குற்றாலத்தில் போய் இறங்கினோம். நான், குழல், லாண்டு, மகாயா. லாட்ஜ் மேனேஜர் மகாயாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியை உள்ளே வைத்துக்கொண்டார்.

"பாரின்காரங்க தங்குனா கம்ப்யூட்டர்ல ஏத்தணும் அண்ணாச்சி, ஸ்டேஷன்ல சொல்லணும். சீசன் நேரம், எதுக்கு வம்பு?"

"நான் யாருன்னு தெரியுமாலே?"

"தெரியாது அண்ணாச்சி."

பக்கத்து ஊரில் பிறந்தவன் நான். இரண்டு கண்டத்தில் வியாபாரம் செய்தவன். சாரலில் பெட்டியோடு ரோட்டில் நின்றேன். குழல்தான் போனை எடுத்தாள்.

"மாமா, செண்பகம் மவ பேசுதேன். லாட்ஜுல எங்கள வெளிய நிக்க வச்சிருக்காவ. மழ நனைக்குது."

குழலுக்குப் பிரெஞ்சு வரும், கிகொங்கோ வரும். தமிழ் மட்டும் அவள் அம்மாவிடமிருந்து வந்தது. செண்பகம் எப்படி இழுத்துப் பேசுவாளோ அப்படியே பேசுவாள். அந்தப் பக்கமிருந்து சங்கரபாண்டியின் குரல் வந்தது.

"எந்த லாட்ஜுட்டி?"

பழைய மொபெட்டில், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்தான். மேனேஜரிடம் இரண்டே வார்த்தை பேசினான், சாவி வந்துவிட்டது. என் பக்கம் திரும்பவே இல்லை. "சாப்ட்டியாட்டி?" என்று குழலிடம் மட்டும் கேட்டான்.

அப்போது மகாயா முன்னால் வந்து, ஒரு காலை மடக்கித் தாழ்ந்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்து மெதுவாகத் தட்டினார். பின்னால் லாண்டுவும் ஈரத் தரையிலேயே மண்டியிட்டுத் தட்டினான்.

"என்னத்துக்குட்டி தட்டுதாரு?"

"பெரியவங்களுக்கு மரியாத மாமா. ஒங்களுக்குத்தான்."

சங்கரபாண்டி பாலிதீன் பையைத் தலையிலிருந்து எடுத்தான். "சர்வீஸ்ல ஒரு ஐஜி கூட எனக்கு எந்திரிச்சு நின்னதில்ல" என்றான். சொல்லிவிட்டு, "நான் ஒண்ணும் சம்மதிக்கல. பிள்ள நனையுதுன்னு வந்தேன்" என்று வண்டியைத் திருப்பினான். திருப்பினவன் மகாயாவைக் காட்டி, "நாளக்கி வெள்ளன அருவிக்குக் கூட்டிட்டு வா. கூட்டம் வருததுக்குள்ள குளிச்சிரலாம்" என்றான்.

5

ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய் நிற்கிற இடத்தில் மகாயா நின்றுவிட்டார். அருவியைப் பார்த்துக் கையைக் குவித்துத் தட்டினார். இந்தப் பாறையிலும் தண்ணீரிலும் இருக்கிறவர்களிடம் கேட்காமல் உள்ளே போகக்கூடாதாம். அவர்கள் ஊரிலும் அருவியில், ஊற்றில், பெரிய பாறையில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சிம்பி என்று பெயர். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கரபாண்டி அவர்களைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது. போலீஸ் பார்வை ரிட்டயர் ஆகாது போலிருக்கிறது.

குளித்துவிட்டு வந்தோம். கீழே தண்ணீர் ஓடும் இடத்தில் ஒருவர் எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்கிறார் என்று மகாயா கேட்டார். செத்தவர்களுக்கு என்று குழல் சொன்னாள். மகாயா தலையை ஆட்டினார். "அப்போ அவர்கள் தண்ணீரில் இருப்பது உங்களுக்கும் தெரியும்" என்றார். அப்புறம் சங்கரபாண்டியின் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒன்று சொன்னார். குழல் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். நானே அன்றைக்குத்தான் அதைக் கேட்டேன்.

செண்பகத்தைப் புதைத்த அன்றைக்கு, குழி தோண்டி முடிந்ததும் அந்தத் தெருப் பெண்கள் இறக்க விடவில்லை. இவளுடைய ஆட்கள் எங்கே, இவள் சகோதரன் சொல்லாமல் எப்படி இறக்குவது என்று கேட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் பெண்டாட்டியின் உடம்பு புருஷனுக்குச் சொந்தம் இல்லை. மகாயா குழலிடம் அம்மாவின் ஊர்ப்பெயரையும் மாமன் பெயரையும் கேட்டுக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றார். 'அச்சன்புதூர் சங்கரபாண்டி, உன் அக்காள் இங்கே இருக்கிறாள். நீ தூரத்தில் இருக்கிறாய். நீ கொடுக்காமல் நாங்கள் எடுக்கவில்லை. பொறுத்துக்கொள்' என்று சத்தம் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். காற்று நின்ற பிறகு இறக்கினார்கள்.

அன்றைக்கு அவர் ஆற்றைப் பார்த்துக் கத்தியது எனக்கும் கேட்டது. ஏதோ ஜெபம் என்று நினைத்தேன். என் காதில் அன்றைக்கு எதுவும் ஏறவில்லை.

சங்கரபாண்டி துண்டைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் தண்ணீர் எப்போதோ வடிந்து தீர்ந்திருந்தது.

"எங்கிட்ட கேட்டாரா?"

"கேட்டாரு மாமா."

"எம் பேரச் சொல்லியா?"

"பேரச் சொல்லி, ஊரச் சொல்லி."

எழுந்து மறுபடியும் அருவிக்குள் போய்விட்டான். நெடுநேரம் வெளியே வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, கடைசியில் காவலுக்கு நின்ற போலீஸ்காரப் பையன் விசில் ஊதி அவனை வெளியே அனுப்பினான். வந்தவன் முகத்தைத் துடைக்காமல் என்னைப் பார்த்தான். மூன்று வருஷத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை:

"நீங்க ஏன் அத்தான் இத எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே தெரியாதுலே."

"அதான. ஒங்களுக்கு அடுத்தவன் பேசுதது என்னைக்குக் கேட்டிருக்கு?"

6

மறுநாள் அச்சன்புதூரில் அவன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தான். கள்ளுக்கு என்ன செய்வது என்பதுதான் பிரச்சினை.

"கள்ளு இங்கன கேஸு. பிடிச்சு உள்ள தள்ளுனவனே நாந்தான், நானே குடிக்கவா? புளியர தாண்டுனா கேரளா, அங்கன கட தொறந்து வச்சு விக்கான்."

மகாயாவுக்கு ஒரே சிரிப்பு. "ஒரே மரம், ஒரே மது. கோட்டுக்கு அந்தப் பக்கம் சரி, இந்தப் பக்கம் குற்றம். உங்களுக்கும் கோடு போட்டது அதே ஆட்கள்தானா?" என்று கேட்டார்.

கடைசியில் சுரண்டை ரோட்டில் சைக்கிளில் வைத்து விற்கிறவரிடம் பதநீர் வாங்கிவந்தோம். பதநீர் முடிகிற காலம், கிடைத்ததே பெரிசு. மகாயா ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, "இது இன்னும் வயசுக்கு வராத கள். மாமனுக்கு உத்தியோகம் அப்படி என்றால், நாங்கள் ஒத்துக்கொள்கிறோம்" என்று தீர்ப்பு சொன்னார்.

அப்புறம் சபை விதிகளைச் சொன்னார். இரண்டு பக்கத்துக்கும் பேச ஆள் உண்டு. இந்தச் சபையில் பெண்ணின் அப்பா வாயைத் திறக்கக் கூடாது.

"என்னது? அத்தான் பேசப்பிடாதா?" சங்கரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "இவ்வளவு நல்ல சட்டம் இருக்குத ஊரா அது? எங்க அக்கா ஒரு வார்த்த சொல்லலியே!"

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். அவர்கள் பேசினார்கள். பையன் குடிப்பானா, அடிப்பானா, ஊருக்கு அனுப்புவானா என்று ஏட்டு விசாரணை நடந்தது. நான் வளர்த்த பிள்ளையைப் பற்றி ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆணி விலையாக இருந்தாலாவது கேட்டிருப்பார்கள்.

முடிவில் சங்கரபாண்டி பனையோலைப் பட்டையில் பதநீரை ஊற்றிக் கையில் எடுத்தான். மகாயா சொல்லிக்கொடுத்தபடி குழலைப் பார்த்துக் கேட்டான்.

"குழலு, இத நான் குடிக்கலாமாட்டி? குடிச்சா திருப்பிக் குடுக்க முடியாது."

"குடிங்க மாமா."

"நல்லா யோசிச்சிக்க. குடிக்கவா?"

"குடிங்க."

"ஒங்க அம்மய நெனச்சிச் சொல்லு. குடிக்கவா?"

"அம்மா இருந்தா இன்னேரம் பட்டயப் பிடுங்கி அவளே குடிச்சிருப்பா. குடிங்க மாமா."

குடித்தான். கல்யாணம் அதுதான். தாலி, மேளம் ஒன்றும் இல்லை. லாண்டு தரையில் நெற்றி முட்ட விழுந்தான்.

"இனி தகப்பன்" என்றார் மகாயா. பெண்ணைக் கொடுப்பது மாமன் என்றாலும் வாழ்த்து தகப்பனுடையது, அதை மாமன் கொடுக்க முடியாது, தகப்பன் வாயிலிருந்து வராவிட்டால் பிள்ளை எங்கே போனாலும் விளங்காது என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் பேசத் துடித்துக்கொண்டிருந்தவன் நான். குழல் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் கடையில் ஆணி பொறுக்கித் தந்த கை. "நல்லா இரு" என்றேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. போதும் என்று மகாயா கையைத் தட்டினார்.

சாப்பாடு முடிந்ததும் சங்கரபாண்டி உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து, கவர் பிரிக்காத ஒரு சேலையைக் கொண்டுவந்தான். எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இவருகிட்ட ஒண்ணு கேளுட்டி. இவுக சட்டப்படி நீ அப்பன் வீட்டுப் பிள்ளயா, எங்க வீட்டுப் பிள்ளயா?"

"கேக்கவே வேண்டாம் மாமா. அம்மா வீட்டுப் பிள்ளதான்."

"அப்போ நீ பொறந்த வீட்டு ஆளுதான? நீ போர்த்துனா நான் போர்த்துன மாதிரிதான?"

குழல் கேட்டுச் சொன்னாள். மகாயா எழுந்து நின்று, அப்படித்தான் என்றார்.

7

மட்டாடிக்கு வந்த மறுநாள் கல்லறைக்குப் போனோம். இங்கே கல்லறைமேல் செத்தவர்கள் கடைசியாகப் புழங்கிய சாமானை வைப்பார்கள். பூமிக்கு மேலே அது யாருக்கும் உதவாதபடி அடியில் ஓட்டை போட்டு வைப்பார்கள். செண்பகத்துக்கு அவள் தண்ணீர் குடித்த செம்பை வைத்திருக்கிறார்கள். சீரில் வந்த செம்பு, கழுத்தில் அவள் அப்பா பெயர் வெட்டியிருக்கும். நல்ல செம்பைக் குத்திவிட்டார்களே என்று அன்றைக்கு எனக்கு ஆத்திரம். இப்போது அது இருக்கிற இடம்தான் சரி என்று படுகிறது.

குழல் சேலையைப் பிரித்தாள். நீலத்தில் மஞ்சள் கரை. நானும் ஒரு ஓரம் பிடிக்கலாம் என்று குனிந்தேன். மகாயா என் தோளைத் தொட்டார். நீங்கள் இந்தப் பக்கம் இல்லை என்று அவர் சொல்லவில்லை, தொட்டார், அவ்வளவுதான். நான் நகர்ந்து நின்றேன். அம்மாவும் மகளும் ஒரு குலம். லாண்டுவும் மகாயாவும் ஒரு குலம். இந்த ஊரில் எல்லார் வீட்டுக்கும் இரும்பு கொடுத்தவன் நான். எந்தக் குலத்திலும் இல்லாமல் வெயில் இல்லாத வானத்துக்குக் கீழே நின்றேன்.

அதுதான் ஒரு வருஷமாக மனசில் கிடக்கிறது. இன்றைக்குக் குழலின் போன் வந்த பிறகு கடைக்குப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் எனக்கு ஒன்று நடந்தால் ஆற்றைப் பார்த்து நின்று யார் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள்? எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. மத்தியானம் சங்கரபாண்டியைக் கூப்பிட்டு, கல்யாண நாள் என்று ஏதோ பேசிவிட்டு, பேச்சோடு பேச்சாக இதையும் சொன்னேன். அந்தப் பக்கம் சாரல் சத்தம் போனிலேயே கேட்டது.

"பாஸ்போர்ட் எடுத்துட்டேன் அத்தான்" என்றான்.

"எதுக்குலே?"

"ஒங்களுக்குக் கோடி கொண்டாரணும்லா. இந்தத் தடவ நேரா வந்துருவேன்."

"ஏலே, செத்தாத்தான் வருவியா? உசுரோட இருக்கும்போது வரப்பிடாதா?"

"உசுரோட இருந்தா நீங்க பேசிக்கிட்டே இருப்பியளே அத்தான்."

"பேச மாட்டேம்லே."

"சத்தியமா?"

வாயைத் திறந்தேன். திறந்து, மூடிக்கொண்டேன். இரண்டு பேரும் சாரல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.